வண்டியின் கண்ணிமை

மதுரையிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். தம் தகப்பனார் வாங்கிய அம்பாஸடர் வண்டியை அவர் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார். வண்டிக்கு வயது 35 ஆகிறதாம். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, குழந்தைகள் அதில் ஏறிச் செல்வதைப் பெருமையாகவே நினைக்கிறார்கள். குறை ஒன்றே ஒன்றுதான். முன் கண்ணாடியில் மழைநீரைத் துடைக்க வேண்டிய வைப்பர், மழை வலுக்கும் சமயம் பார்த்துத் தளர்ந்துவிடுகிறது. சில சமயம் பாதி வழியில் நின்றும் விடுகிறது. ஓடும்போதுகூடக் கண்ணாடியில் கோடு கோடாக நீரை விட்டுச் செல்கிறது. பட்டறையில் காட்டியபோது, "மோட்டாரையே மாற்றிவிடுங்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்களாம். "மாற்றத்தான் வேண்டுமா? அல்லது, மழைக் காலத்தில் வண்டியை அதிகம் வெளியே எடுப்பதில்லையாதலால், இப்படியே காலத்தைத் தள்ளிவிடலாமா?" என்று அவர் கேட்கிறார்.

முதற் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளமானது. இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒரே சொல்: கூடாது. இவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்று நேயர் கேட்கலாம். யோக்கியதை உண்டு. அதை நாம் வெட்கத்தோடுதான் சம்பாதித்துக்கொண்டோம்.

நம்மிடமும் ஏறக்குறைய அதே வயதுள்ள பழைய வண்டி ஒன்று இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகத் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டோம். வண்டியில் நம் தாயார், இல்லத்தரசி, இரண்டு குழந்தைகள். "வைப்பர் சரியாக இல்லை என்று ஆவணியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தீர்களே, பார்த்தாயிற்றா?" என்று இல்லத்தரசி கேட்டாள். "ஓடுகிறது, ஓடுகிறது" என்றோம். அது முழுப் பொய் அல்ல. வீட்டு வாசலில் ஸ்விட்சைத் திருப்பியபோது இரண்டு கைகளும் இப்படியும் அப்படியும் அசையத்தான் செய்தன. அசைவது வேறு, துடைப்பது வேறு என்பதை அன்று இரவு தெரிந்துகொண்டோம்.

செஞ்சிக் கோட்டையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையல்ல, வானம் பொத்துக்கொண்டாற் போன்ற மழை. முதல் கால் மணி நேரம் வைப்பர் எப்படியோ ஈடு கொடுத்தது. பிறகு அதன் நடை தளர்ந்தது. ஒரு தடவை போய் வருவதற்கு நான்கு விநாடி ஆயிற்று. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நான்கு விநாடியில் சுமார் 44 மீட்டர் தூரம் ஓடிவிடும். அதாவது, ஒவ்வொரு துடைப்புக்கும் நடுவே 44 மீட்டர் தூரம் நாம் குத்துமதிப்பாகவே வண்டியை ஓட்டினோம். அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். "முகூர்த்தத்துக்கு முன் போய்ச் சேர வேண்டுமே" என்ற அவசரத்தில் நிறுத்தவில்லை.

எதிரே ஒரு லாரி வந்தது. அதன் விளக்கொளி கண்ணாடியிலிருந்த நீர்க் கோடுகளில் பட்டதும், கண்ணாடி முழுவதும் நெருப்புப் பற்றிக்கொண்டாற்போல் ஜொலித்தது. சாலை மறைந்துவிட்டது. லாரி கடந்து சென்றது. வைப்பர் ஒரு முறை ஊர்ந்து வந்தது. அது துடைத்த இடத்தில், கோணிப்பையைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, பால் கேனைக் கட்டிய சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரின் முதுகு தெரிந்தது. பிரேக்கின்மீது ஏறி நின்றோம் என்றே சொல்ல வேண்டும். வண்டி வழுக்கிக்கொண்டுபோய் நின்றபோது, சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் நம் வண்டியின் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இடம்கூட இல்லை.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. "ஏங்க, கண்ணு தெரியலீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு உண்மையான பதில், "தெரியவில்லை" என்பதுதான். அதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

பின்னால் வந்த ஒரு லாரியின் டிரைவர் இறங்கி வந்து நிலைமையைப் பார்த்தார். "வயசானவங்களையும் புள்ளைங்களையும் வெச்சுக்கிட்டு இந்த மழையில இப்படியா ஸார் வர்றது?" என்று கடிந்துகொண்டே, தம் பையிலிருந்த பீடிகளில் இரண்டைப் பிரித்துப் புகையிலையை உள்ளங்கையில் கொட்டினார். அதை ஈரக் கண்ணாடியில் தேய்த்தார். என்ன ஆச்சரியம்! துளித் துளியாக நின்ற நீர் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே மெல்லிய படலமாக வழிந்தது. சாலை ஓரளவு தெரிந்தது. "கொஞ்ச நேரந்தான் தாங்கும் ஸார். நம்ம லாரி சிவப்பு லைட்டைப் பார்த்துக்கிட்டே மெதுவா பின்னால வாங்க" என்றார். அவ்வாறே நத்தை போல் ஊர்ந்து ஊர் போய்ச் சேர்ந்தோம். நம் தாயார் வழி முழுதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் நம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இது நிற்க. வைப்பர் என்பது வண்டிக்கு அலங்காரமல்ல. அது வண்டியின் கண்ணிமை. கண் என்னதான் நன்றாக இருந்தாலும், இமை கொட்டாவிட்டால் பார்வை என்ன ஆகும்? இந்த உண்மையை முதன்முதலில் உணர்ந்து அதற்கு ஒரு வழி செய்தவர்களுள் ஒருவர் மேரி ஆண்டர்ஸன் என்ற அமெரிக்கப் பெண்மணி. அலபாமா மாகாணத்துப் பர்மிங்ஹாம் நகரத்தைச் சேர்ந்த இவர், ஒரு குளிர் காலத்தில் நியூயார்க் நகரத்துக்குப் போயிருந்தபோது டிராம் வண்டியில் பிரயாணம் செய்தார். பனிமழையில் கண்ணாடி மங்கிப் போகவே, டிராம் ஓட்டுபவர் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தில் பனி அறைய அறைய வண்டியை ஓட்டினார். மற்றப் பிரயாணிகள் குளிரை நொந்துகொண்டார்கள். மேரி ஆண்டர்ஸன் யோசனை செய்தார். உள்ளே ஒரு கைப்பிடி, வெளியே ரப்பர் பதித்த ஒரு கை. கைப்பிடியை இழுத்தால் கை கண்ணாடியைத் துடைக்கும். இதற்கு 1903-ஆம் வருஷம் நவம்பர் மாதம் அவருக்குப் பேடண்ட் உரிமை கிடைத்தது. 1905-இல் ஒரு கனடா கம்பெனியிடம் அதை விற்க முயன்றார். வியாபாரத்துக்கு உதவாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1920-இல் பேடண்டின் காலமும் முடிந்துவிட்டது. அவருக்கு அதனால் காசு கிடைக்கவில்லை. உலகத்திலுள்ள வண்டிகளெல்லாம் அவருடைய யோசனையை முன்னால் மாட்டிக்கொண்டு ஓடலாயின.

கையால் இழுக்கும் துடைப்பானுக்குப் பிறகு, எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தால் இயங்கும் துடைப்பான் வந்தது. அதில் ஒரு விபரீதம் இருந்தது. மேட்டில் ஏறுவதற்காக ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், அந்த உறிஞ்சும் வேகம் குறைந்து வைப்பர் தூங்கிவிடும். எப்போது அதிகம் தேவையோ அப்போது வேலை செய்யாது. ஆகவேதான் மின்சார மோட்டார் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நமது நேயரின் வண்டியில் இருப்பதும் அதுதான்.

இனி அவருடைய முதற் கேள்விக்கு வருவோம். கல்யாணம் முடிந்து ஊர் திரும்பியதும், நம் பேட்டையிலுள்ள ஒரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவரை எல்லோரும் "பாய்" என்றுதான் அழைப்பார்கள். "மோட்டாரை மாற்றிவிடலாமா, பாய்?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "மோட்டார் மேல பழி போடாதீங்க ஸார். பாவம், அது இழுக்கத்தான் பார்க்குது. எது இழுக்க விடாம புடிச்சுக்கிட்டிருக்குன்னு முதல்ல பார்ப்போம்" என்றார். வைப்பர் வைத்தியத்தின் சாரம் முழுவதும் இந்த வார்த்தைகளில் அடங்கிவிட்டது. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குப் போக வேண்டும். கண்ணாடி, ரப்பர், கை, உள்ளே ஓடும் கேபிள், மின்சாரக் கம்பி, எல்லாவற்றுக்கும் கடைசியாக மோட்டார். பாய் அன்று காட்டிக் கொடுத்த வரிசை இதுவே.

முதலில் கண்ணாடி. சுத்தமான கண்ணாடியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால், அது ஒரே படலமாக வழிய வேண்டும். திட்டுத் திட்டாகப் பிரிந்தாலும், முத்து முத்தாக நின்றாலும், கண்ணாடியில் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம். டீஸல் புகை, பாலிஷ் போடும்போது பட்ட மெழுகு ஆகியவை படிந்த கண்ணாடியில் எவ்வளவு புதிய ரப்பரும் மங்கலாக இழுக்கத்தான் செய்யும். சோப்பு நீரால் இரண்டு முறை கழுவி, பிறகு சிறிது வினிகர் கலந்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, மீண்டும் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். லாரி டிரைவரின் பீடிப் புகையிலை செய்ததும் ஏறக்குறைய இந்தக் காரியந்தான்; ஆனால் அது ஆபத்துக்கு உதவியே தவிர நிரந்தரப் பரிகாரமல்ல.

அடுத்தது ரப்பர். மழைக் காலத்துக்காக ஏற்பட்ட இந்தப் பொருளைக் கெடுப்பது மழையல்ல, வெயில். வருஷத்தில் எட்டு மாதம் காய்கிற கண்ணாடியின்மேல் அசையாமல் கிடந்து, ரப்பரின் விளிம்பு இறுகி வெடித்துவிடுகிறது. விளிம்பை விரலால் மடக்கிப் பார்க்க வேண்டும். துவண்டு கொடுத்துத் தானே நிமிர்ந்தால் நல்ல ரப்பர். ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே விறைத்து நின்றால் அதன் ஆயுள் தீர்ந்தது. காரணம் இதுதான்: வைப்பர் ஒவ்வொரு கோடியிலும் திரும்பும்போது ரப்பரின் விளிம்பும் புரண்டுகொள்ள வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அந்த விளிம்பு பின்னால் சாய்ந்து இழுபட வேண்டும். புரளாமல் விறைத்துவிட்டால், ஒரு திசையில் நன்றாகத் துடைக்கும். மறு திசையில் தடதடவென்று குதித்துக்கொண்டு வரும்.

கண்ணாடியில் விழும் அடையாளத்தைக் கொண்டே நோயைச் சொல்லிவிடலாம். மெல்லிய கோடுகள் விழுந்தால், ரப்பரில் மணல் ஒட்டியிருக்கிறது அல்லது விளிம்பு வெடித்திருக்கிறது. முதலில் ஈரத் துணியால் ரப்பரைத் துடைத்துப் பார்த்தபின் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். படலமாக மங்கினால் எண்ணெய்ப் பசை. ஒரு அகலமான பட்டை துடைக்கப்படாமலே நின்றால், அந்த இடத்தில் ரப்பர் கண்ணாடியைத் தொடவில்லை. பிளேடு வளைந்திருக்கிறது அல்லது அழுத்தம் போதவில்லை. குதித்துக் குதித்து வந்தால், விறைத்த ரப்பர் அல்லது முறுக்கிய கை.

கை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிளேடைப் பிடித்திருக்கும் இரும்புக் கையில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதுதான் பிளேடைக் கண்ணாடிமீது அழுத்துகிறது. பழைய வண்டிகளில் இந்த ஸ்பிரிங்கும் அதன் மடக்கும் துருப்பிடித்து, அழுத்தம் குறைந்துவிடுகிறது. மடக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நாலைந்து முறை தூக்கித் தணித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய் கண்ணாடியிலோ ரப்பரிலோ படக்கூடாது. கை முறுக்கியிருந்தால், பிளேடு கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக நிற்கும்படி இரண்டு குறடுகளால் மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். குறட்டுக்கும் கைக்கும் நடுவே துணி வைக்க மறக்கலாகாது.

இதுவரை சொன்னது துடைக்காத வைப்பரைப் பற்றி. ஓடாத வைப்பரும், தளர்ந்து ஓடும் வைப்பரும் வேறு சங்கதி. இங்கே ஒரு சுலபமான பரீட்சை உண்டு. கண்ணாடியை நனைத்து, வைப்பரை ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். நிமிஷத்துக்கு 40 தடவைக்குக் குறையாமல் போய் வந்தால் கவலையில்லை. குறைந்தால், ஸ்விட்சை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்தி, அல்லது கழற்றிவிட்டு, மீண்டும் ஓடவிட வேண்டும். வேகம் உடனே பிடித்துக்கொண்டால், குற்றம் கண்ணாடியிலும் ரப்பரிலும் இருக்கிறது. மேலே தேட வேண்டியதில்லை. கைகள் இல்லாமலும் முக்கி முனகிக்கொண்டு ஓடினால், குற்றம் உள்ளே இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது? அம்பாஸடர் முதலிய பழைய வண்டிகளில், மோட்டாரிலிருந்து ஒரு குழாய் புறப்படுகிறது. அதற்குள் திருகு சுற்றிய ஒரு கேபிள் முன்னும் பின்னுமாக ஓடுகிறது. கைகளின் அடியில் 'வீல் பாக்ஸ்' என்று சொல்லப்படும் இரண்டு சிறு பெட்டிகள். அவற்றிலுள்ள பற்சக்கரங்களைக் கேபிள் இப்படியும் அப்படியும் திருப்புகிறது. 1983-இல் வெளிவரத் தொடங்கிய மாருதி 800 போன்ற பிற்கால வண்டிகளில் கேபிளுக்குப் பதிலாகக் கணுக்களால் இணைந்த இரும்புக் கம்பிகள் உண்டு. அங்கே கணு கழன்றுவிட்டால், மோட்டார் சுற்றும், கைகள் அசையா.

கேபிள் ஓடும் குழாயில் தொழிற்சாலையில் வைத்த கிரீஸ், 30 வருஷத்தில் காய்ந்து அரக்குப் போல் ஆகிவிடுகிறது. மழை பெய்யும்போது இந்த அரக்கையும், கண்ணாடியின் உராய்வையும் சேர்த்து இழுக்க வேண்டிய மோட்டார் சூடேறிப் போகிறது. சில மோட்டார்களில், அதிகம் சூடானால் மின்சாரத்தை நிறுத்திவிடும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. நின்ற வைப்பர், ஐந்து நிமிஷம் ஆறியபின் தானே ஓடத் தொடங்கினால், மோட்டார் கெட்டுவிட்டது என்று எண்ணலாகாது. தாங்க முடியாத பாரத்தைத் தாங்கி இளைப்பாறுகிறது என்றே எண்ண வேண்டும்.

பாய் நமது வண்டியின் கேபிளை மோட்டாரிலிருந்து பிரித்து, கைகளையும் கழற்றிவிட்டு, ஒரு ஸ்பிரிங் தராசைக் கேபிளில் மாட்டி இழுத்தார். கேபிள் நகர்வதற்கு மூன்று கிலோவுக்குள்ளான இழுப்பே போதுமானதாக இருக்க வேண்டும். நமது வண்டியில் தராசு முள் எட்டைத் தாண்டியது! கேபிளை முழுவதும் உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, குழாயையும் சுத்தம் செய்து, புதிய கிரீஸ் தடவிச் செருகியபின், இரண்டு விரலால் இழுத்தாலே வந்தது.

வீல் பாக்ஸில் இன்னொரு ரகசியம் இருக்கிறது. அதிலுள்ள பற்சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. அதன் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டுமே வருஷக்கணக்காக வேலை செய்து தேய்கின்றன. மறு பக்கத்துப் பற்கள் பிறந்த மேனிக்கு இருக்கின்றன. ஆகவே, கை தளர்ந்து ஆடினாலோ, ஒரு கை ஓடி மறு கை நின்றாலோ, சக்கரத்தை அரைச் சுற்றுத் திருப்பிப் பொருத்தினால் புதிய பற்கள் வேலைக்கு வந்துவிடும். ஆனால் அதற்கு முன், கையின் அடியிலுள்ள தண்டு திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டு திரும்பிக் கை மட்டும் நின்றால், வீல் பாக்ஸில் குற்றமில்லை; கையைத் தண்டோடு இறுக்கும் இடந்தான் தளர்ந்திருக்கிறது.

அடுத்தது மின்சாரம். வைப்பர் சற்றும் அசையாவிட்டால் முதலில் ப்யூஸைப் பார்க்க வேண்டும். ப்யூஸ் போயிருந்தால் அதே அளவுள்ள புதியதைப் போட வேண்டும். அதுவும் போனால், எங்கோ கம்பி உராய்ந்து உடம்பில் படுகிறது அல்லது எங்கோ இறுகிப் பிடித்திருக்கிறது. அப்போது தடித்த கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ வைத்து ஒப்பேற்றுவது, வண்டிக்குக் கொள்ளி வைப்பதாகும். ப்யூஸ் சரியாக இருந்தால், இரண்டு ஒயர் கட்டிய 12 வோல்ட் சிறு பல்பு ஒன்று போதும். பல்பின் ஒரு ஒயரை வண்டியின் வர்ணம் இல்லாத இரும்பிலும், மற்றொன்றை மோட்டாருக்கு மின்சாரம் வரும் முனையிலும் வைத்து, ஸ்விட்சைப் போட வேண்டும். பல்பு எரியாவிட்டால், மின்சாரம் மோட்டார் வரை வரவில்லை; ஸ்விட்சிலோ வழியிலோ குற்றம். பல்பு நன்றாக எரிந்தும் மோட்டார் ஓடாவிட்டால், அப்போதும் மோட்டாரைக் குற்றவாளியாக்க அவசரப்படக்கூடாது. மோட்டாரின் உடம்பிலிருந்து பாட்டரியின் எர்த் முனைக்குத் தனியாக ஒரு ஒயரைப் பிடித்துப் பார்க்க வேண்டும். வந்த மின்சாரம் திரும்பிப் போகவும் வழி வேண்டுமல்லவா? அந்த வழியிலுள்ள திருகாணி துருப்பிடித்தால் போதும், மோட்டார் நோயாளி போல் நடக்கும். நமது வண்டியில் இரண்டாவது குற்றம் இதுதான். திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, மீண்டும் இறுக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது வைப்பர் தளர்ந்து, ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் சுறுசுறுப்படைந்தால், பாட்டரியையும் அதற்கு மின்சாரம் ஊட்டும் டைனமோவையும் பார்க்க வேண்டும். ஸ்விட்சை நிறுத்தியதும் வைப்பர் ஓரத்துக்குப் போய்ப் படுக்காமல் நடுக் கண்ணாடியில் நின்றுவிட்டால், தானே ஓரத்தில் நிற்கும் ஏற்பாடுள்ள வண்டிகளில், மோட்டாரின் பல்சக்கர மூடியில் இருக்கும் சிறு ஸ்விட்சின் முனைகள் அழுக்கேறியிருக்கின்றன. இது தொல்லையே தவிர ஆபத்தல்ல.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஓடாவிட்டால்தான் மோட்டாரின் முறை வருகிறது. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது கார்பன் பிரஷ். அது தேய்ந்து குட்டையாகியிருந்தால் புதியது போட்டு, அது உராயும் செப்பு வளையத்தைச் சுத்தம் செய்தாலே பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும். சுருள் கருகி வாடை வீசினால் மட்டுமே மோட்டாரை மாற்றலாம். கேபிளைச் சுத்தம் செய்யாமல் புது மோட்டாரை மாட்டினால், அதுவும் பழைய மோட்டாரின் கதியையே அடையும்.

செய்யக்கூடாதவை சிலவும் உண்டு. புழுதி படிந்த உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓடவிடக்கூடாது. மணல் கீறிய கோடு கண்ணாடியை விட்டு நீங்காது. ரப்பரில் மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவக்கூடாது. மண்ணெண்ணெய் ரப்பரை ஊதவைக்கும், தேங்காயெண்ணெய் கண்ணாடியை மங்கவைக்கும். நின்றுபோன வைப்பரைக் கையால் பிடித்துத் தள்ளக்கூடாது, பற்சக்கரம் முறியும். ஓடும் வண்டியிலிருந்து கையை நீட்டிக் கண்ணாடியைத் துடைப்பதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கம்பியில் கை வைக்குமுன் பாட்டரியின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். பல்பால் சோதிக்கும்போது மட்டும் இணைப்பு வேண்டும்.

நமது வண்டிக்கு வந்த செலவு என்ன என்று நேயர் ஆவலாக இருப்பார். இரண்டு ரப்பர், கொஞ்சம் கிரீஸ், ஒரு திருகாணி, பாயின் அரை நாள் கூலி. குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் சாப்பிட்டால் ஆகும் செலவுக்குமேல் ஆகவில்லை. அதே மோட்டார் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அரை நாள் நமக்கு ஆவணியில் கிடைக்கவில்லை; புரட்டாசியிலும் கிடைக்கவில்லை. கார்த்திகையில் ஒரு மனிதனின் முதுகு கண்ணெதிரே தோன்றியபின்தான் கிடைத்தது.

சென்னைப் பட்டினத்தில் வருஷத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், அதில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆகவே நம் நாட்டு வைப்பர் ஒன்பது மாதம் உறங்கி, மூன்று மாதம் உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டியிருக்கிறது. உறங்கும் காலத்தில் அதன் குறை நம் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி பிறந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கடிகாரமும் எடுத்துக்கொண்டு வண்டியண்டை போவது என்று நம் வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது. நம் மூத்த பெண் எண்ணுவாள். இளையவன் தண்ணீர் ஊற்றுவான். எண்ணிக்கை நாற்பதுக்குக் குறைந்தால் அன்றே பாயிடம் போகிறோம். மின்விசையால் இயங்கும் திறமான வைப்பர் இருக்க வேண்டுமென்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்லுகின்றன; ஆனால் விதிக்குப் பயந்து நாம் இதைச் செய்யவில்லை.

மழைக் காலத்தில் வண்டியை அதிகம் எடுப்பதில்லை என்று மதுரை நேயர் எழுதியிருக்கிறார். நாமும் அதிகம் எடுப்பதில்லை. அன்று ஒரு நாள்தான் எடுத்தோம். அந்தப் பெரியவர் அதற்குப் பின் அந்தச் சாலையில் எத்தனையோ நாள் பால் கொண்டுபோயிருப்பார். அந்த இரவை மறந்தும் இருப்பார். அவர் கேட்ட கேள்வியை நாம் மறக்கவில்லை. நேயர் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சொம்புத் தண்ணீருடன் தொடங்கட்டும். மோட்டாரை மாற்றும் பேச்சுக்கு அநேகமாக வேலையிராது.